ஒரு முடி உதிர்ந்தால்

எங்கள் வீட்டுக் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் சவர பிரஷ்கள் பத்தொன்பது நிற்கின்றன. வீட்டில் இப்போது சவரம் செய்துகொள்ள ஆள் இல்லை. பதினெட்டு நிமிர்ந்து நிற்கும். கடைசியில் உள்ள ஒன்றுக்கு மட்டும் முடிக் குஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அது என் கைவேலை. மற்றதெல்லாம் என் வீட்டுக்காரர் செய்தது.

அவருக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் எந்த மோட்டார் புகைந்தாலும் அவர் கடைக்குத்தான் வரும். ஒருமுறை குமுளிக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களாவில் பம்ப் பார்க்கப் போனவர், குப்பையில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்து பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். “கொண்டு போய்க்கோ சேட்டா” என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டான். அன்று பிடித்தது பைத்தியம். மொட்டையாகிப்போன பழைய பிரஷ் எங்கே கிடந்தாலும் வீட்டுக்கு வந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து, அழுகிய முடியைப் பிடுங்கி, கைப்பிடியில் படிந்த சோப்புக் கறையைச் சுரண்டி, பற்பசை போட்டுத் தேய்ப்பார். புதுக் குஞ்சம் கூரியரில் வரும். அதைப் பசை வைத்துக் கைப்பிடியின் குழிக்குள் இறக்கிவிட்டு ஒருநாள் முழுக்க யாரையும் தொடவிட மாட்டார். பிறகு நுரை போட்டுத் தன் கன்னத்திலேயே சோதனை. “ஒரு முடி உதுந்தாலும் அது பிரஷ் இல்ல டீச்சரம்மா, வெளக்கமாறு” என்பார். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் வீட்டிலும் எனக்கு அதுதான் பெயர். “பெத்த மகளுக்குக்கூட நீங்க இப்படித் தல துவட்டுனதில்ல” என்று இடிப்பேன். சிரித்துக்கொள்வார்.

முதன்முதலில் குப்பையில் எடுத்தாரே, வெண்ணெய் நிறக் கைப்பிடி, அதை மட்டும் அவர் தொடவே இல்லை. கை நன்றாகப் பழகட்டும் என்று வருஷக்கணக்கில் தள்ளிவைத்திருந்தார். போன ஆனியில் பக்கவாதம் வந்து அந்தக் கையே விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போயிற்று. தேனி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் கட்டிலில் படுத்தபடி தினமும் அந்த மொட்டைக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு தரம் வந்தால் தாங்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அந்த பிரஷ் முடியாமல் இவர் போய்விடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது.

“நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்” என்று உட்கார்ந்தேன். குழறிக் குழறிச் சொன்னார். “அவசரப்படாத” என்பதை மட்டும் நாலு தரம் சொன்னார். பாதியில் தூங்கிவிட்டார். குஞ்சம் குழிக்குள் சரியாக இறங்கவில்லை. குஞ்சத்தின் அடியில் கட்டியாக ஏதோ இடித்தது. எழுப்ப மனசில்லாமல், ஜடைக் குஞ்சத்தை நறுக்குவதுபோல் கத்தரியை எடுத்து அந்தக் கட்டியை நறுக்கிவிட்டேன். நறுக்கிய துண்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. முடி அத்தனையையும் சேர்த்துப் பிடித்திருந்ததே அந்தக் கட்டிதான். துண்டை அடுப்பில் போட்டேன். மிச்சத்தைப் பசையில் அழுத்தி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளுக்கு மறுநாள் அந்த பிரஷ்ஷால் அவருக்கு நுரை போட்டு நானே சவரம் செய்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முடிந்ததும், நான் துடைக்கப் போன துண்டை இடது கையால் பிடுங்கித் தானே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிலிருந்து தினமும் அப்படித்தான். “இந்த ரோசத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்ல” என்று கோபித்துக்கொண்டுகூட இருக்கிறேன். “எப்படியிருக்கு?” என்று கேட்டால், “நல்லாருக்கு டீச்சரம்மா” என்பார். அவர் தங்கை பார்க்க வந்தபோது, “ஒங்க அண்ணன் எங்கிட்டத் தோத்துட்டாக. ஒரு முடி உதுரல” என்று வாய் கூசாமல் பெருமையடித்தேன். அவர் கட்டிலில் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

தை மாதம் போய்விட்டார். காரியத்துக்கு முன்னால் அவர் படுக்கையை வெளியே போடச் சொன்னார்கள். தலையணைக்கு அடியில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. படிப்பதை விட்டு மாதக்கணக்காகியும் அதை ஏன் பக்கத்திலேயே வைத்திருந்தார் என்று திறந்தேன். கூடு நிறைய பிரஷ் முடி. காய்ந்த சோப்பு ஒட்டிய முடி. ஒவ்வொரு நாளும் கன்னத்தில் ஒட்டியதைத் துண்டோடு துடைத்தெடுத்து, நான் பாத்திரம் கழுவப் போன நேரம் பார்த்து, அந்த ஒற்றைக் கையால் ஒளித்து வைத்திருக்கிறார். நான் எங்கே கத்தரி வைத்தேன் என்பது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும். நான்தான் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அந்தப் படுக்கைமேல் விழுந்து அழுத அழுகையை அவர் போன அன்றுகூட நான் அழவில்லை.

குஞ்சத்தை மாற்றித் தருகிறேன் என்று மகள் சொல்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன். ஆறு மாதம் என் கையால் நுரை பூசிக்கொண்டவர், ஒரு நாளும் அதை விளக்குமாறு என்று சொல்லவில்லை. இன்று காலை பலகையைத் துடைக்கும்போது, சாய்ந்து நிற்கும் அந்த பிரஷ்ஷில் கை பட்டு ஒரு முடி விரலோடு வந்தது. கண்ணாடிக் கூட்டைத் திறந்து உள்ளே போட்டு மூடினேன்.