கழுத்து வரை டீசல்

டீசல் கார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான். என் வேலையை ஈப்போ கிளையிலிருந்து தெலுக் இந்தானில் உள்ள செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீடு, கணவரின் கடை, எங்கள் இரண்டு பெண்களின் பள்ளி எல்லாம் ஈப்போவை ஒட்டிய சிலிபினில். தினமும் அவ்வளவு தூரம் போய்வர எங்கள் பழைய பெட்ரோல் கார் சரிப்படாது. அது குடிக்கிற குடிக்கு என் சம்பளம் அதன் வாய்க்கே சரியாகிவிடும்.

புது டீசல் ஹேட்ச்பேக் ஒன்றைக் காட்டி விற்பனையாளர் தேனாகப் பேசினார். “ஒரு தடவ ஃபுல் டேங்க் அடிச்சா போதும்க்கா, ஒரு வாரம் ஓடும். மிச்சமும் இருக்கும்லா.” எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

என் கணவருக்குப் போதவில்லை. “சரி, வாங்குவோம். சொன்ன மாதிரி ஓடுனா தினம் போய்ட்டு வா. இல்லனா அங்கயே ஒரு ரூம் பாத்துக்க. வெள்ளிக்கிழம சாயங்காலம் வந்தா போதும். யானையக் கட்டித் தீனி போட நம்மால முடியாது” என்றார். அதை ஏதோ கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னதில்தான் எனக்கு ஆத்திரம். வாரம் முழுக்கப் பெண்டாட்டி வீட்டில் இல்லாமல் இருப்பது இந்த மனிதருக்கு அவ்வளவு சுலபமா?

முதல் தடவை எண்ணெய் போட்டது நான். பம்ப் ‘டொக்’ என்று நின்றதும் குழாயை எடுத்து மாட்டிவிட்டேன். அலுவலக உடையில் டீசல் வாடையோடு யார் நிற்பது? எண்ணெய் முள் உச்சியை ஒட்டி நின்றது. மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுத்தேன்.

அடுத்த வியாழக்கிழமைவரைகூட அது தாங்கவில்லை. புதன் மாலை வீடு திரும்பும்போது, பத்து காஜா ஊரைத் தொடும் முன்பே, எண்ணெய் தீரப்போகிறது என்று காட்டும் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அன்றிரவு சிலிபினில் கணவர் எண்ணெய் போட்டார். போட்ட அளவையும் ஓடிய தூரத்தையும் கைப்பேசியில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இது காரா, லோரியா? சரி, இன்னும் ஒரு வாரம் பாப்போம்.”

விற்பனையாளரை நான் திட்டிய திட்டில் அவருக்கு அன்று விக்கல் நின்றிருக்காது. இரண்டு நாள் ஏர்கோன் போடாமல் வியர்த்து வழிந்துகொண்டு ஓட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் ஓர் அறையையும் போய்ப் பார்த்தேன். ஆற்றோரக் கடைவீதியில் மாடி அறை, இரும்புக் கட்டில், சுத்தமான குளியலறை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கட்டிலில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கார அக்காவிடம் கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்த வாரம் என்னவோ முள் இறங்கவே மாட்டேன் என்றது. புதன் மாலை ஈப்போ வந்து சேர்ந்தபோதும் கால்வாசிக்கு மேலே நின்றது. முள்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இதுவுமா!

கணவரை ஏற்றிக்கொண்டு நேராக எண்ணெய் நிலையத்துக்குப் போனேன். அவர் பக்கத்துக் கடையில் சாப்பாடு தப்பாவ் பண்ணப் போனார். நான் எண்ணெய் போட்டேன், ‘டொக்’ என்றது, எடுத்தேன். பொட்டலங்களோடு திரும்பி வந்தவர் முகம் சுளித்தார்.

“அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? குடு இங்க.”

அவர் சிலிம் ரிவர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். எண்ணெய் நிலையம் தொலைவில் இருந்த அந்தக் காலத்தில், மோட்டார் சைக்கிளைச் சாய்த்துச் சாய்த்துக் கழுத்து வரை நிரப்பினால்தான் அவர்களுக்கு எண்ணெய் போட்டதாகக் கணக்கு. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. குழாயைச் செருகிவிட்டு, கூரையைப் பிடித்து என் புதுக் காரைத் தொட்டில்போல ஆட்டினார். பக்கத்துப் பம்பில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். நுரை உள்ளே இறங்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி ஆட்டினார். அது இன்னும் குடித்தது, இன்னும் குடித்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஏங்க, போன வாரமும் இப்படித்தான் ஆட்டி ஊத்துனீங்களா?”

“பின்ன? டீசல் நுரைக்கும்லா. நுரை தட்டுனா பம்ப் நின்னுரும். அத நம்பி எடுத்தா டேங்க் எங்க ரொம்பும்?”

அப்படியானால் நான் முதலில் போட்டது முழுத் தொட்டியே இல்லை. பாதி நுரையை நம்பி ஓட்டியிருக்கிறேன். நான் விட்ட குறையையும் சேர்த்து இவர் கழுத்து வரை ஊற்றிவிட்டு, அத்தனையையும் கார் குடித்ததாகக் கணக்குப் போட்டிருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டில் ஆடத் தெரியாதவர்கள் இரண்டு பேர்.

இப்போது இரண்டு தடவையும் கழுத்து வரை. கைப்பேசியைப் பிடுங்கி நானே கணக்குப் போட்டேன். விற்பனையாளர் சொன்னது சரிதான். ஒரு வாரம் ஓடி, மிச்சமும் இருக்கிறது. அந்த இடத்திலேயே “மாதாவே!” என்று கத்திவிட்டேன். இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

கணவர் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காரில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பெரிதாக மூச்சு விட்டார்.

“அப்பாடா” என்றார். “ரெண்டு வாரமா கடையில ஒக்காந்து போன்ல வீடியோ பாத்துக்கிட்டு இருக்கேன், பொம்பளப் புள்ளைங்களுக்கு எப்படிச் சட பின்னுறதுன்னு. ஒன்னும் வரலலா.”