உறைந்த தேனும் உறையாத தேனும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சர்ச் வாசலில் ஞாயிறுதோறும் தேன் விற்கிறேன். முன்பு எனக்குத் தேன் கொடுத்தவரின் பாட்டில்கள் அடியில் வெள்ளையாக உறைந்தன. சர்க்கரைதான் என்று சந்தேகப்பட்டேன். கேட்கக் கூச்சமாக இருந்ததால், அவர் போனை எடுக்காமலே விட்டு வேறொருவரிடம் வாங்கினேன். அந்தத் தேன் உறையவில்லை. தண்ணீரில் விட்டால் கரையாமல் நூலாக இறங்கியது.

ஒரு ஞாயிறு டீச்சரம்மா ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஒரு வருஷமாகியும் உறையவே இல்லயேண்ணா, என்ன கலக்குறீங்க?"

அன்று ஒருவரும் வாங்கவில்லை.

புதுத் தேனையும், வீட்டில் மிஞ்சியிருந்த உறைந்த பாட்டிலையும் கூடுவாஞ்சேரியில் ஒரு லேபில் கொடுத்தேன். முடிவை அங்கிருந்த பெண் படித்துச் சொன்னார்.

"தெளிவா இருக்கறதுலதான் அரிசிப் பாகு கலந்திருக்கு சார். தண்ணில விட்டா அது தெரியாது. உறைஞ்சது சுத்தம். நல்ல தேனும் உறையும்."

தெளிவான பாட்டில்களைக் கொட்டிவிட்டு, பழைய தேன்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"இன்னாபா, இப்பதான் நெனப்பு வந்துச்சா? அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல?"

"தப்புதாண்ணா. பத்து பாட்டில் வேணும்."

"சந்தேகம் போச்சா?"

"இதையும் லேப்ல குடுத்துட்டுதான் விப்பேன்."

"குடு. அந்த ரிப்போர்ட்ட எனக்கும் ஒண்ணு எடுத்துனு வா. சர்க்கரை கலந்ததான்னு என்னையும்தான் எல்லாரும் கேக்குறாங்க."