அத்தை கட்டிலில் ஏறிய நாள்

என் மாமியாருக்கு ஆஸ்பத்திரி என்றால் பிறந்த வீடு மாதிரி. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். சொந்தக்காரர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர், கூட வேலை பார்த்தவர், எதிர்வீட்டில் குடியிருப்பவர் என்று பாகுபாடே கிடையாது. காலை ஆறு மணிக்கு ரொட்டிக் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் போவார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். மூன்று மணிக்கெல்லாம் யாரோ ஒருவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில், ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கூடவே ஒரு எவர்சில்வர் பிளாஸ்க். வார்டில் வேலை செய்பவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. பிளாஸ்க்கம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலை நேரத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டார்.

போன மாதம் அத்தை போய்விட்டார். எண்பத்திரண்டு வயது. மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, யாருக்கும் ஒரு நாள் சிரமம்கூட வைக்காமல். வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. "எங்கப்பாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப இவங்கதான் கூட இருந்தாங்க" என்றார் ஒருவர். இன்னொரு பெண் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

நான் இரண்டாவது மருமகள். பஸ் கண்டக்டர். உள்ளே போங்க, உள்ளே போங்க என்று கத்திக் கத்தி என் குரலே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் உப்பை எடு என்றால்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில் இந்த வீடே மிரண்டுபோனது. அத்தை மட்டும் மிரளவில்லை. "கத்துறவ மனசுல ஒண்ணும் தங்காது" என்று என் கணவரிடம் சொன்னாராம்.

முதல் வருஷமே எனக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போயிற்று. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பார்க்க வந்த எல்லோரும் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம், வயதா போய்விட்டது என்று. எனக்கு ஒவ்வொருத்தரையும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிற மாதிரி இறக்கிவிடத் தோன்றியது. அத்தை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. மூன்றாம் நாள் என் டிக்கெட் பையை வீட்டிலிருந்து எடுத்துவந்து, அறுந்துகிடந்த வாரைத் தைக்க ஆரம்பித்தார். தடித்த தோல். ஊசி இறங்கவில்லை. கட்டைவிரலில் குத்திக்கொண்டு, குத்திக்கொண்டு, மாலைக்குள் தைத்து முடித்தார். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நான் திரும்ப வேலைக்குப் போவேன் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்தப் பதினோரு நாளுக்கு ஏதாவது திருப்பிச் செய்யவேண்டும் என்று நான் தவியாய்த் தவித்தேன். அத்தை பிடிகொடுத்தால்தானே! கால் பிடித்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தால், "நாள் பூரா நின்னுட்டு வர்றது நீ. உன் காலை நீட்டு" என்பார். நல்ல கம்பளி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எட்டாம் நாள் அது எலும்புமுறிவு வார்டில், பதினாலாம் நம்பர் கட்டிலில், யாரோ ஒரு பெயிண்டர் மேல் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. அந்தப் பெயிண்டர் குணமாகி வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிக் கொடுத்தபோது, "நீயே வெச்சுக்கப்பா, குளிர் வருது" என்று அனுப்பிவிட்டார். என் கண் முன்னாலேயே!

எழுபத்தாறு வயதில் அவருக்குக் குடலில் கட்டி வந்தது. மூன்று மாதம் வலியை மறைத்துவைத்திருந்தார், மகாராணி. இந்த வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அட்மிஷன் அன்றைக்குக் குடும்பமே திரண்டு போனது. ஆஸ்பத்திரிக்கு மூட்டை கட்டுவது எப்போதும் அத்தையின் வேலை என்பதால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையணை மூன்று வந்தது, சோப்பு வரவில்லை. ஒரு பாஸுக்கு ஒரு ஆள்தான் என்று வாசலில் மறித்த காவலாளியிடம் என் தொழில் குரலைக் காட்டினேன். பத்து நிமிஷம் என்று எல்லோரையும் விட்டார்.

லிப்ட் ஓடவில்லை. என் கணவரின் அண்ணன், எங்கள் வீட்டில் பெரியவர் என்றால் அவர்தான், மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அத்தை வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி வேகமாக வந்தாள். பெரியவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"நூத்தி அறுபத்தஞ்சு! நாளைக்கு ஆபரேஷன், இன்னைக்கு இப்படிப் பதட்டப்பட்டா எப்படி?"

பெரியவர் ஊசி என்றாலே ஓடி ஒளிகிற ஆள். ஆபரேஷன் என்றதும் வாயே எழவில்லை. அத்தைதான் வாயைத் திறந்தார்.

"நல்லாப் பாரும்மா. அவன் உடம்பைக் கவனிச்சுக்கிறதே இல்ல."

அவள் பைலைப் புரட்டிப் பார்த்தாள். "பெண், எழுபத்தாறு வயசுன்னு போட்டிருக்கே!"

வார்டே சிரித்தது. பெரியவர் அசடு வழிய இறங்கினார். நாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அத்தையும் சிரித்தார். ஆனால் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"படுங்கம்மா" என்றார் பெரியவர். "இருக்கட்டும்" என்றார் அத்தை. அத்தையின் மகள் சொல்லிப் பார்த்தாள். மூத்த மருமகள் கெஞ்சிப் பார்த்தாள். ஒண்ணும் ஆகாது, ஒரு மணி நேர வேலை, டாக்டர் கைராசிக்காரர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சொல்லச் சொல்ல அத்தையின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "வீட்டுக்குப் போயிடலாம்டா. எனக்கு இப்ப வலியே இல்ல" என்றார் கடைசியில். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை கட்டிலுக்குத் துணையிருந்தவர் சொல்கிற பேச்சா அது? பத்து நிமிஷம் முடிந்து காவலாளி வந்து நின்றார். துணைக்கு யார் என்று கேட்டார். அத்தை என்னைக் காட்டினார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

"ஏன் அத்தை என்னை?" என்றேன்.

"அவங்க எல்லாம் தைரியம் சொல்றாங்க. கேக்கக் கேக்கப் பயம் ஜாஸ்தியாகுது. நீன்னா திட்டுவ."

அன்றைக்கென்று பார்த்து எனக்குத் திட்ட வரவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னல் வழியாக வெயில் அந்தக் காலிக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை தாழ்ந்த குரலில் பேசினார்.

"எத்தனை பேரைப் படு, படுன்னு படுக்க வெச்சிருப்பேன். இது இவ்வளவு பயமா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாமலே உக்காந்து இருந்திருக்கேனே. எல்லாரையும் ஏமாத்திட்டேனோன்னு இருக்கு."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய நேரத்தில் வந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

"என்ன பேசறீங்க நீங்க? நான் படுத்திருந்தேன் இல்ல? பதினோரு நாள். ஒரு வார்த்தை சொன்னீங்களா என்கிட்ட? சும்மா உக்காந்திருந்தீங்க. அதுல நான் பொழச்சேன். ஏமாத்தினாங்களாம்! நாளைக்கு என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது அத்தை. பொய் சொல்ல மாட்டேன். கண்ணு முழிக்கிறப்ப நான் பக்கத்துல இருப்பேன். அது ஒண்ணுதான் என் கையில இருக்கு."

அத்தை ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை.

"இப்ப எழுந்திருங்க. டியூட்டியிலதான் நாள் பூரா நிக்கிறேன். லீவு போட்ட அன்னைக்கும் நிக்கணுமா? அந்த ஸ்டூல் எனக்கு."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார். புடவை நுனியை இழுத்துக் காலை மூடிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேர வேலை நான்கு மணி நேரமாயிற்று. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் படிக்கட்டில் ஏறி ஏறி இறங்கினார். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று என்று டாக்டர் வந்து சொன்னார். ஆனால் மயக்கம் தெளியும் அறைக்குள் யாரையும் விடமாட்டார்களாம். நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது? சண்டை போடத் தயாராகத்தான் போனேன். வயதான தலைமை நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிளாஸ்க்கம்மாவுக்கு நீ என்ன வேணும்?"

"மருமக."

"அஞ்சு நிமிஷம். சத்தம் போடாத."

யாரிடம் போய்ச் சொல்கிறார்! உள்ளே போய்க் கட்டிலோரமாக நின்று அத்தையின் உள்ளங்கையில் என் கையை வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. நாலு நிமிஷம் ஆகியிருக்கும், கண் திறந்தது. என்னைப் பார்த்தார். ஏதோ பெரிய வேலை முடிந்த மாதிரி திரும்பவும் மூடிக்கொண்டார். எனக்கு அது போதும். சொன்னபடி இருந்துவிட்டேன். தலைமை நர்ஸ் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைக் காட்டியதும் கையை மெல்ல உருவினேன்.

அத்தையின் விரல்கள் இறுகின.

"இரு" என்றார், கண்ணைத் திறக்காமலே. "கையை எடுக்காத."

அப்போது கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அத்தை தனக்கென்று என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஆறு வருஷம் கழித்து இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

"நேரமாச்சும்மா" என்றார் தலைமை நர்ஸ்.

"அவங்களா கேட்டிருக்காங்க சிஸ்டர்" என்றேன். அன்றைக்கு என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல."

அவர் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டார்.