வெள்ளிக் கடையில் அம்மா எடுத்த கை

"படிச்ச பொண்ணு, கடைசியில கல்லெறியிற வேலைக்கா போற? அதுவும் பீச்சாங்கையால?" என்று அத்தை கேட்டபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது பத்தாம் வகுப்பு தேறி, பெண்கள் பேஸ்பால் குழுவில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா யாங்கோனின் இன்சீன் ரயில் பட்டறையில் இரும்பு தூக்குகிறவர். அம்மா பஸ்ஸின் எண்ணை மட்டும் அடையாளம் பார்த்து ஏறுவார். யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காத அளவுக்குத் திமிர் இருந்தது.

உண்பதையும் எழுதுவதையும் சிறு வயதிலேயே அடித்துச் சோத்தாங்கைக்கு மாற்றிவிட்டார்கள். எறிவதை மட்டும் யாரும் திருத்தவில்லை. அதை ஒரு காரியமாகவே யாரும் நினைக்கவில்லை.

யாங்கோனில் பேஸ்பால் ஆடும் பெண்கள் குறைவு. இடது கையால் எறிகிறவள் நான் ஒருத்திதான். எல்லோரும் வலது கைப் பந்துக்கே பழகியவர்கள். என் பந்து எதிர்ப்பக்கத்திலிருந்து வளைந்து வந்ததும் மட்டையோடு பின்வாங்குவார்கள். என் பந்தைப் பிடிக்கும் கேட்சர் பர்மியப் பெண், என்னைவிட மூத்தவர். கியாக்தானிலிருந்து பஸ்ஸில் வருவார். 'மமா' என்று, அக்கா முறையில்தான் அழைப்பேன்.

"உன் பந்து உங்க வீட்டுக் குழம்பு மாதிரி," என்பார் மமா. "வாயில வைக்கும்போது ஒண்ணும் தெரியாது. அப்புறம்தான் எரியும்."

ஒருமுறை பத்திரிகையில் என் படம் வந்தது. அப்பா அந்தத் தாளைப் பட்டறைக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினார். மாலையில் திரும்பி வந்தபோது கிரீஸ் படிந்து அதில் என் முகமே தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் முழங்கையின் உட்புறம் வலிக்கத் தொடங்கியது. எங்கள் தெருவில் எந்த வலிக்கும் எண்ணெய்தான் வைத்தியம். பக்கத்துத் தெருவில் சுளுக்கு வழிப்பவர் நரம்பு புரண்டிருக்கிறது என்று சொல்லி, சுடச்சுட விளக்கெண்ணெய் விட்டு இழுத்து நீவினார். மறுநாள் கை வீங்கியது. இன்னும் இரண்டு தரம் நீவினால் சரியாகும் என்றார். நீவினோம். வலியோடேயே எறிந்துகொண்டும் இருந்தேன்.

சரியாகாததால் அம்மா அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். வெள்ளியில் செய்த கை ஒன்றை வாங்கி உண்டியலில் போட வேண்டும். லான்மடாவில் நம்மவர் வெள்ளிக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு கைகளையும் எடுத்து வைத்தார். அம்மா வலது கையை எடுத்தார்.

"இடது கைம்மா," என்றேன்.

"சும்மா இருடி. அம்மன்கிட்ட போய்ப் பீச்சாங்கையை நீட்டுவாங்களா?"

கடைக்காரர் சிரித்தார். "நோவு அங்க, காணிக்கை இங்கயா? அப்படின்னா மருந்தையும் பக்கத்து வீட்டுக்காரிக்கே கொடுத்துடுங்க தாயி."

அம்மா சிரிக்கவில்லை. வலது கைதான் உண்டியலில் விழுந்தது. வலியைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊரே பார்த்த என் கையைச் சாமிக்கு முன்னால் காட்டக்கூட அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அந்தக் கை குணமாக வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் இடது கை என்று சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் மருத்துவரிடம் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, முழங்கைத் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது என்றார். கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். இப்போது எறிந்தால் முழுவதும் அறுந்துவிடும். அறுந்ததைத் தைக்க இங்கே தனக்குத் தெரிந்து ஆளில்லை என்றார்.

வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது. எங்கள் பயிற்சியாளரான சயாவிடம் மருத்துவர் சொன்னதைச் சொன்னேன்.

"வலி தெரியாம ஊசி போட்டுக்கலாம்மா," என்றார். "ஒரு ஆட்டம்தானே. உன் கை மாதிரி என்கிட்ட வேற இல்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. குழுவில் பாதிப் பேர் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருடம் குழு இருக்குமா என்று அவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எறிந்தால் கை போகும். எறியாவிட்டால் என் ஆட்டம் அதோடு முடிந்துபோகும். படித்தவள் என்ற முறையில் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் வழி இல்லை.

மைதானத்து ஓரத்தில் மமாவிடம் கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க மமா. எறியவா, வேண்டாமா?"

"என்னைக் கேக்காதே. நீ எறிஞ்சா பிடிப்பேன். அதுதான் என் வேலை."

காலணியில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "முன்னெல்லாம் உன் பந்து விழுந்தா என் கிளவ்ஸ் சத்தம் ரோட்டுக்குக் கேக்கும். போன வாரம் எனக்கே கேக்கல."

பந்தில் வேகம் போய்விட்டது எனக்கு முன்பே தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் ஏறி மருத்துவமனைக்குப் போனேன். மற்ற ஆட்டக்காரர்களைப் போல ஊசிக்கு வந்திருக்கிறேன் என்று மருத்துவர் நினைத்தார். கட்டுப் போடச் சொன்னேன். முழங்கையை மடக்கி வைத்து, மேற்கையிலிருந்து மணிக்கட்டுவரை மாவுக்கட்டுத் துணியை நனைத்துச் சுற்றினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சயாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்றேன்.

"இன்னும் நாள் இருக்கும்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றார்.

அதற்குள் கட்டு இறுகிவிட்டது.