வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தோம்

வேலூரிலிருந்து வந்த அண்ணனுக்குப் பெங்களூரைச் சுற்றிக் காட்டும்போது, யுத்தகாலத்து விமான ஓடுதளத்துக்கும் போனோம். இப்போது அங்கே கார் பந்தயம் நடத்துகிறார்கள்; அன்றும் ஒரு பந்தயம் இருந்தது. வளைவில் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஜனங்கள் உட்காரத்தான் என்று நினைத்து ஏறி உட்கார்ந்தோம். ஒருவரும் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணன், “வெயிலு மண்டையைப் பொளக்குதும்மா, மரத்தடிக்குப் போயிடலாம்” என்றார். நின்றுகொண்டிருந்த ஒரு கன்னடத்து அம்மாளுக்கு என் இடத்தைக் காட்டினேன். “உபகார ஆயித்தம்மா” என்று நன்றியோடு என் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நாங்கள் மரத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரிய சத்தம் கேட்டது. வளைவில் திரும்ப முடியாமல் ஒரு கார் அந்தக் கட்டுகளில் மோதியிருந்தது. தறிகெட்டு வரும் காரைத் தடுக்கத்தான் அவற்றை வைத்திருந்தார்களாம். அந்த அம்மாள் பிழைக்கவில்லை.

இப்போதெல்லாம் புது இடத்தில் விசாரிக்காமல் நான் எதன்மேலும் உட்காருவதில்லை. பஸ்ஸில் யாருக்காவது இடம் விட எழுந்தால், அவர் இறங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.