பார்த்தேன் என்று சொன்னேன்

என் தாயின் நெஞ்சுப் புண்ணை நான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று தினமும் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து கேட்டபோதும் சொன்னேன். அவளே கேட்டபோதும் சொன்னேன். வாய் கூசவில்லை.

இதை எழுத உட்கார்ந்தால் அழுகை வருமென்று நினைத்திருந்தேன்... வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. அழுகிறவனுக்குத்தான் இரக்கம் காட்டுவீர்கள் என்றால், இப்போதே மூடி வைத்துவிடுங்கள்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சிரிக்காதீர்கள். திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் பெண்களின் உள்ளாடை மொத்த வியாபாரம். நாகர்கோவிலிலிருந்து வந்து அப்பா வைத்த கடை. விதுராவிலிருந்தும் நெடுமங்காட்டிலிருந்தும் சில்லறைக் கடை வைத்திருக்கும் பெண்கள் சரக்கெடுக்க வருவார்கள். அவர்கள் முன்னால் பிராவை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டி, "நோக்கு சேச்சி, எத்ர வலிச்சாலும் விடாது!" என்பேன். பாருங்கள் அக்கா, எவ்வளவு இழுத்தாலும் விடாது என்று. ஒரு பெண் கடைப்படி ஏறும்போதே அவளுடைய அளவு எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. பிழைப்பு அப்படி.

அம்மாவுக்குப் பைபாஸ் அறுவை செய்தார்கள். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, பிறகு கம்பியால் இணைத்து, மேலே தையல். கனத்த உடம்பு, போதாததற்குச் சர்க்கரை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் சிஸ்டர் என்னை எதிரே உட்காரவைத்து விளக்கினார். வெட்டிய சதை ஒட்டிச் சேரும்வரை தோலுக்கு அடியில் இடைவெளி இருக்குமாம். அதில் நீர் கோத்துக்கொள்ளுமாம். மார்பின் பாரம் இரண்டு பக்கமும் தையலை இழுத்தால் அந்த இடைவெளி இன்னும் பெரிதாகும். ஆகவே முன்பக்கம் கொக்கி வைத்த பருத்தி பிராவை, மூச்சு முட்டாத இறுக்கத்தில், இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். டேப் வைத்து அளந்துதான் வாங்க வேண்டும். தினமும் அதை அவிழ்த்துத் தையலின் கீழ்முனையைப் பார்க்க வேண்டும். நீர் இறங்கித் தங்குவது அங்கேதான். வீக்கமோ ஈரமோ கண்டால் அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாணிக்கண்ட மோனே, அம்மயல்லே!" என்றார். வெட்கப்படாதே மகனே, அம்மாதானே என்று.

அம்மாதானே... அதுதான் விஷயமே!

டேப்பை எடுத்துக்கொண்டு அம்மா எதிரே போய் நின்றேன். கை எழவில்லை. கடையிலிருந்து ஓர் அளவு கூடுதலாகவே எடுத்து வந்து கொடுத்தேன். தளர்வாக இருந்தால் பாவம், நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தத் தொழிலில் ஊறியவன் நான். தளர்ந்த பிரா எதையும் தாங்காது என்று எனக்குத் தெரியாதா?

வேறு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். அப்பா இல்லை. அக்கா துபாயில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஷீலா சேச்சி தானாகவே வந்து, "ஞான் நோக்கிக்கோட்டே?" என்று, தான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான்தான் வேண்டாமென்றேன். அம்மாவை நானே ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொள்கிறேன் என்று கடைவீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று எல்லாரும் மெச்சினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

காலையில் வெந்நீரும் துண்டும் கொண்டுபோய் வைப்பேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். அவளே துடைத்து, அவளே கொக்கி மாட்டிக்கொள்வாள். "சரியா இருக்காம்மா?" "இருக்கு மக்கா." அவ்வளவுதான் எங்கள் பரிசோதனை. சிஸ்டர் போனில் கேட்டால், "நோக்கி சிஸ்டர், குழப்பமில்ல" என்பேன், பார்த்தேன், ஒன்றும் பிரச்சினையில்லை என்று. அதுவும் எவ்வளவு தெளிவான குரலில்!

பிறகு அந்தக் காலை வந்தது.

"மக்கா, ஒண்ணு இங்க வா" என்று கூப்பிட்டாள். போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கொக்கிகளை அவளே அவிழ்த்துவிட்டிருந்தாள். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"கீழ எறக்கத்துல என்னவோ கனமா இருக்கு. தொட்டா தளதளன்னு இருக்கு. எனக்குக் குனிஞ்சு பாக்க முடியல. நீ ஒண்ணு பாத்துச் சொல்லு மக்கா."

அந்தக் கொக்கிகளை அவிழ்க்க அவள் எவ்வளவு நேரம் மனத்தோடு மல்லுக்கட்டியிருப்பாள்! அறுவைக்கு முன்னால், நான் நிற்கும் அறையில் தலைகூட வாராதவள் அவள். அவளால் முடிந்தது. எனக்கு?

வாசல்நிலையைத் தாண்டவில்லை. மின்விசிறியைப் பார்த்தேன். அதன் இறக்கைகளில் படிந்திருந்த தூசியைப் பார்த்தேன். "பாத்தேம்மா" என்றேன். "ஒண்ணுமில்ல. தையல் காயும்போது அப்படித்தான் இருக்கும்."

"அப்படியா... நீ பாத்தாச் சரி" என்றாள். அவள் குரலில் இருந்த ஆறுதல்! அதை நான் காதால் கேட்டேன். கேட்டுவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அன்று நல்ல வியாபாரம்.

கூச்சம் என்று சொல்லிவிட்டால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். ஆண்பிள்ளை, பாவம், கூச்சப்பட்டிருப்பான் என்பீர்கள். பாதி உண்மை. மீதி அருவருப்பு. அந்தப் புண், அந்த வயதான உடம்பு, என்னைப் பெற்ற உடம்பு... எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு காய்ச்சல். நைட்டியின் முன்பக்கம் நனைந்தது. அறையில் ஒரு வாடை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் திரையை இழுத்துவிட்டுத் தையலின் அடியில் லேசாகத்தான் அழுத்தினாராம். கோத்திருந்த நீரெல்லாம் சீழாக வெளியே வந்ததாம். எலும்புவரை இறங்கிவிட்டது என்றார். என்னை உள்ளே கூப்பிட்டார்.

"வீட்டில் ஆராணு முறிவு நோக்கியது?"

வீட்டில் புண்ணைப் பார்த்தது யார் என்று கேட்கிறார். அம்மா ஸ்ட்ரெச்சரில் கண் விழித்துத்தான் கிடந்தாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்: "அம்மா பாக்க விடல டாக்டர். ரொம்ப நாணக்காரி. நான் கெஞ்சிப் பாத்தேன்."

அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. அடையாளம் தெரியாத ஒருவனை யாரென்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு டாக்டரிடம் சொன்னாள்: "ஆமா டாக்டர். நாந்தான் விடல."

அவர் அம்மாவைத் திட்டினார். உயிரைவிட நாணமா பெரிது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கிடந்தவள், "தப்புதான் டாக்டர், தப்புதான்" என்றாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்!

சிஸ்டருக்கு மட்டும் தெரியும். போனில் நான் சொன்னதெல்லாம் அவரிடம்தானே? காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கப்புறம் என்னை மோனே என்று கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அழுகிய எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். நீர் திரும்பச் சேராமல் உறிஞ்சுவதற்கு ஒரு குழாயையும் இயந்திரத்தையும் பொருத்தினார்கள். பிறகு பக்கத்துச் சதையை இழுத்து அந்தப் பள்ளத்தை மூடினார்கள். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தாள். பிழைத்துவிட்டாள். ஆனால் இடக்கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். அங்கே எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை பார்க்கவில்லை.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம் அவளே கதை சொல்கிறாள். "எம்புள்ள கையெடுத்துக் கும்புட்டான். நாந்தான் பிடிவாதமாக் காட்டல. எனக்கு வேணும்!" அக்கா வீடியோவில் அம்மாவைத் திட்டுகிறாள். "தம்பி எவ்வளவு கஷ்டப்படுறான் தெரியுமா? நீ ஏம்மா இப்படி?" நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு முறை வாயெடுத்தேன். "அம்மா, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினேன். "பால் பொங்குது பாரு" என்றாள். பொங்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் சத்தம் கேட்டது. ஓடினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

"அம்மா! விழுந்துட்டியா?"

"வழுக்கிட்டு. நீ வராத மக்கா. ஷீலாவக் கூப்பிடு."

"சேச்சி சர்ச்சுக்குப் போயிருக்காங்கம்மா, ஆராதனை முடிஞ்சுதான் வருவாங்க. நான் வந்து தூக்குறேன்."

"வேண்டாம். அவ வரட்டும். நான் இப்படியே இருந்துக்கிறேன்."

தள்ளினால் திறந்துகொள்ளும் கதவு. உள்ளே ஈரத்தரையில் என் தாய், உடுப்பில்லாமல், எழ முடியாமல். வெளியே நான்.

அவள் வேண்டாம் என்று சொன்னதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வருத்தம் இல்லை. வெட்கம்கூட இல்லை. அப்பாடா என்று இருந்தது.

ஷீலா சேச்சி வரும்வரை கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு முறை, "குளிருதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மக்கா" என்றாள்.