லூர்து சிஸ்டர் சொன்ன அளவு

இல்லை, காலராவில் அல்ல. அது ஓய்ந்து சில கோடைகள் ஆகிவிட்டன. லூர்து சிஸ்டர் போனது மாரடைப்பில், திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது. வானூர் அலுவலகத்தில் இருந்த என்னிடம் ஜீப் டிரைவர் வந்து சொன்னார்: "நம்ம சிஸ்டர் பூட்டாங்கம்மா." எந்த சிஸ்டர் என்று நான் கேட்கவில்லை.

மரக்காணம் சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸாக இருந்தபோது அவரோடு வேலை செய்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நீங்கள் அறியாதது அதிகம் இருக்காது.

நாடு நாடாகப் பரவிய காலரா அந்தக் கோடையில் எங்கள் உப்பளங்களுக்கும் வந்தது. சுகாதார நிலையத்தில் கட்டில்கள் போதவில்லை. விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்தோம். கயிற்றுக் கட்டில்கள். நடுவில் கயிற்றை அறுத்து, கீழே பேதிக்கு வாளி. வாளியில் பிளீச்சிங் பவுடர். நான் சுகாதாரக் கல்விப் பணிக்குப் புதியவள். நோயைப் பற்றி நிறையப் படித்திருந்தேன், அதன் வாடையைப் பற்றி எதிலும் இல்லை. முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"உள்ள வாங்க. வெளிய நின்னா மட்டும் வாடை அடிக்காதா?" என்றார் சிஸ்டர். அதுதான் எங்கள் அறிமுகம்.

குளுக்கோஸ் பாட்டில்கள் குறைவு. நாடி கிடைக்காதவர்களுக்கு மட்டும் பாட்டில், குடிக்க முடிந்தவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் என்று டாக்டர் முடிவு செய்தார். வயிற்றுப்போக்கு கண்டவருக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு சண்டை.

"வருஷம் பூரா உப்புலதான் கெடக்குறோம். எங்களுக்கே உப்புத் தண்ணியா? பாட்டிலெல்லாம் பெரிய வூட்டுக்கா?" என்றார் ஓர் உப்பளத் தொழிலாளி.

"பெரிய வூட்டுக்காரரு அதோ அந்தக் கட்டில்ல அதே தண்ணியத்தான் குடிக்கிறாரு. வேணும்னா கேட்டுக்கங்க. அதுக்குள்ள டம்ளரக் காலி பண்ணுங்க" என்றார் சிஸ்டர்.

தொழிலாளி சிரித்துக்கொண்டே குடித்தார்.

தேறியவர்களை அனுப்பும்போது சிஸ்டர் சொல்வார்: "ஒரு செம்புத் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை சக்கர." அதையே நான் ஜீப்பில் மைக் வைத்துக் குப்பம் குப்பமாகச் சொன்னேன்.

அஞ்சலை உப்பளத்தில் கூலி. அவளுடைய சின்னப் பெண் தேறி வீட்டுக்குப் போயிருந்தது. சில நாளில் மறுபடி தூக்கிக்கொண்டு வந்தாள். வலிப்பு. காய்ந்த வாய். வீட்டில் கலக்கிய தண்ணீரில் மிச்சத்தையும் செம்போடு கொண்டுவந்திருந்தாள். சிஸ்டர் அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார்.

"எவ்ளோ உப்புப் போட்ட?"

"மறுபடி வயித்தால போச்சு. வூட்டுல சக்கர இல்லீங்க. மருந்து கொறஞ்சிடக் கூடாதேன்னு உப்ப கூடப் போட்டேன். அரைக் கை இருக்கும். குடிக்க மாட்டேன்னுச்சு. புடிச்சு ஊத்தினேன்."

டாக்டர் ஊசி போட்டார். பாட்டில் ஏற்றினார். பிற்பகலில் குழந்தை இறந்தது.

வாசலில் கூட்டம். "பெத்தவளே உப்ப ஊத்திக் கொன்னுட்டா" என்றது ஒரு குரல். அஞ்சலை மறுக்கவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

டாக்டர் சிஸ்டரைக் காலி வகுப்பறைக்குள் அழைத்தார். நானும் இருந்தேன்.

"இப்ப நீங்க எதுவும் சொல்லாதீங்க சிஸ்டர். நாம சொன்ன தண்ணியாலதான்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க. பாட்டிலும் இல்ல. எத்தன பேரு போவாங்க, யோசிங்க."

அவர் சொன்னது தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

"தெரியும் சார்" என்றார் சிஸ்டர். "அதுக்காக அவ கடைசி வரைக்கும் கொலகாரியா இருக்கணுமா?"

வாசலுக்குப் போனார். குரலை உயர்த்தவில்லை.

"தப்பு என்னோடது. சக்கர இல்லாத வூட்டுக்குச் சக்கர போடுன்னு சொல்லி அனுப்பினேன். உப்ப அளந்து காட்டல, வாயால சொன்னேன். அஞ்சல என்னய நம்புச்சு. அவ்ளோதான்."

டாக்டர் பயந்தது நடந்தது. பல டம்ளர்கள் தொடப்படாமல் இருந்தன. இரண்டு குடும்பங்கள் தங்கள் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அதில் ஒருவர் பிழைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். சிஸ்டரிடம் சொன்னபோது அவர் வாளியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துக்கொண்டார். அந்த ஒருவரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அன்றைய அவரது முடிவு சரியா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். மைக்கை எடுக்குமுன், நான் சொல்லப்போகும் பொருள் அந்த வீடுகளில் இருக்கிறதா என்று அடுப்படிவரை போய்ப் பார்க்கிறேன்.

குழந்தை இறந்த அன்று மாலையே சிஸ்டர் கடைத்தெருவில் வெல்லம் வாங்கிவந்தார். மதிய உணவு அண்டாவில் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, உப்பைத் தானே அளந்து கலந்தார். முதல் டம்ளரை வாசலில் நின்று, எல்லோரும் பார்க்கக் குடித்தார். பிறகு மீதித் தண்ணீரைக் கேன்களில் நிரப்பி ஜீப்பில் ஏற்றச் சொல்லி, அஞ்சலையின் தெருவிலிருந்து ஆரம்பித்தார்.